கடுகைக் காதால் பார்த்தவர்

எங்கள் வீட்டில் தாளிக்கிற வேலை என் வீட்டுக்காரருடையது. கல்யாணமான புதிதில் நான் ரசத்துக்குத் தாளித்ததைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, கடுகைப் போட்டு எதுக்கு இந்தக் கொல்லு கொல்லுத?" என்று கரண்டியைப் பிடுங்கியவர், பிறகு திருப்பித் தரவேயில்லை. நானும் கேட்கவில்லை. வலிய வந்து அடுப்படியில் நிற்கிற ஆம்பளையை விரட்டுவதற்கு எனக்கென்ன கிறுக்கா?

அவர் பெயர் தேவஇரக்கம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் சபைக் கோயிலில் பாடகர் குழுவின் முன்வரிசை. வேலையும் கோயிலும் இல்லாத நேரமெல்லாம் என் அடுப்படி.

அவர் சமைக்கிற விதமே வேறு. எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டுவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஜன்னல் வழியாக மேற்கே மலையைப் பார்ப்பார். முதல் கடுகு வெடிக்கும், பிறகு மொத்தமாகப் படபடவென்று, அதன்பிறகு ஒன்று, இன்னொன்று. கடைசிக் கடுகு ஓய்ந்ததும் சட்டென்று திரும்பிக் கறிவேப்பிலையைப் போடுவார். ஒரு நாளும் தப்பினதில்லை. "கண்ணால பாத்தா பிந்திரும்ட்டி. கடுகைக் காதாலதான் பாக்கணும்" என்பார். குழம்பு கொதிக்கிற சத்தம் மாறுவதை வைத்து உப்புப் போதுமா என்றுகூடச் சொல்வதாகப் பீற்றிக்கொள்வார். அதை நான் நம்பவில்லை.

குழம்பு கொதிக்கும்போது கீர்த்தனை வரும். அதுவும் கறிக்குழம்பு என்றால் அவர் குரல் ஓட்டைத் தூக்கிவிடும். அடுத்த வீட்டுச் சுடலையம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மதினி, இன்னைக்குக் கறியா? அண்ணாச்சி பாட்டு உச்சாணியில நிக்கே" என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் கிண்ணத்தோடு வருவாள்.

வானிலை விஷயம் இன்னும் வேடிக்கை. நூல் மில்லுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். காற்று வறண்டால் நூல் அறும், அவ்வளவுதான். ஆடி மாதக் காற்று ஊரையே தூக்கிக்கொண்டு போகிற நாட்களில், மெஷினுக்கு மெஷின் ஓடி அறுந்த நூலைப் பிணைத்துவிட்டு வருகிறவர் முகம் கடுகடுவென்று இருக்கும். பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவார். மலையில் மேகம் இறங்கிக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் நூல் சமர்த்தாக ஓடும். அன்று தெருமுனையில் சைக்கிள் திரும்பும்போதே பாட்டுச் சத்தம் வந்துவிடும். அதனால் நான் காலையில் எழுந்ததும் முதலில் மலையைத்தான் பார்ப்பேன். சண்டை போட வேண்டியது ஏதாவது இருந்தால் மேகமுள்ள நாளுக்கு ஒதுக்கி வைத்துக்கொள்வேன்.

மழை வருமா வராதா என்று சொல்வதிலும் அவருக்குப் பெரிய நம்பிக்கை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு நூல் கிடக்கும். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். அவர் மழை வராது என்றால் நான் கொடியில் கிடக்கிற துணியை எடுத்துவிடுவேன்.

எங்கள் கல்யாணமும் அந்த மில் சத்தத்தில் பிறந்ததுதான். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. எண்பத்தொன்றில் அதே மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பகுதியில் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். உள்ளே நுழைந்தால் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் மில்காரர்களுக்கு என்று ஒரு பாஷை உண்டு. குரலை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைப்போம், மிச்சத்தைக் கை சொல்லும். நெற்றியில் கீழேயிருந்து மேலே விரலால் கோடு இழுத்தால், நாமம் போட்ட மேஸ்திரி சக்ரபாணி வருகிறார், சுதாரித்துக்கொள் என்று அர்த்தம். முஷ்டியைத் தூக்கிக் கீழே இழுத்தால் மெஷினை ஓட்டு. இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினால் நிறுத்து.

நூல் சுற்றிய பாபின் கூடையைக் கொண்டுவந்து வைக்கிற சாக்கில் அவர் எங்கள் பகுதிக்கு வருவார். அப்படியே பேச்சு ஆரம்பித்தது. என்ன குழம்பு, எந்த பஸ், எந்தச் சபை என்று கேட்டுக் கேட்டு, ஒரு வருஷம் போல நாங்கள் வாயசைவிலேயே பழகினோம். அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, என் குரல் அவருக்குத் தெரியாது.

ஒரு சம்பள நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் முதன்முதலாக வெளியே சந்தித்தோம். எதிரெதிரே நின்று வெகுநேரம் பேசினோம். டீக்கடைக்காரர் இருளப்பசாமி எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண் கலங்க ஆளுக்கொரு வடையைக் கொண்டுவந்து வைத்தார். "ரெண்டுக்குமே பேச்சு வராதா? பாவம், சாமி சேத்து வச்சிருக்காரு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மில்லை விட்டு வெளியே வந்து மணிக்கணக்காகியும் இரண்டு பேரும் குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறோம்! எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. "ஐயோ, எங்களுக்குப் பேச்சு வரும்ணாச்சி" என்று சத்தமாகச் சொன்னேன். இருளப்பசாமி வடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று என் குரலைக் கேட்டவர் முதலில் சொன்னது, "ஏட்டி, இதுக்கு எண்ணெய் போடணும்" என்பதுதான். பஞ்சுத் தூசி தின்ற தொண்டை எனக்கு, தகரத்தை இழுக்கிற மாதிரிதான் இருக்கும். அதனால் அவர் காதில் விழுகிற மாதிரி நான் பாடினதே இல்லை. கோயிலிலும் வாயை மட்டும் அசைப்பேன். அவருடைய குரலோ, எனக்கு அன்று பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் காதில் நின்றது. அந்தக் குரலுக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் தப்பில்லை.

மூத்தவள் பிறந்ததும் மில்லை விட்டேன். அவர் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்தார்.

தொண்ணூற்று மூன்று வாக்கில் அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. நான் பேசினால் என் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார். செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை எடுக்காமல் பார்ப்பார். அரிசி தீர்ந்துவிட்டது என்று சொன்னாலும் அப்படித்தான். இத்தனை வருஷம் கழித்து மனுஷனுக்கு நம்மேல் இப்படிப் பிரியம் வந்துவிட்டதே என்று நான் பூரித்துப் போனேன். வீட்டில் இருக்கும்போதும் பவுடர் போட ஆரம்பித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு நாள் ரசம் கசந்தது. கடுகு கருகியிருந்தது. கைதவறல் என்று விட்டேன். அடுத்த வாரம் பருப்புக்குழம்பு கசந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றவர், புகை வந்த பிறகுதான் பதறிக்கொண்டு திரும்பினார். அதன்பிறகு அவர் மலையைப் பார்க்கவில்லை. கடாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. இருட்டில் உட்கார்ந்து அவரிடம் என் தங்கை வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் 'உம்' கொட்டவில்லை. கேள்வி கேட்டேன், பதிலில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். கரண்ட் வந்ததும் அவர் என் வாயைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, ஒண்ணும் பேசாம உக்காந்திருக்க?" என்று கேட்டார்.

என் முகத்தை எதற்காகப் பார்க்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. மில்லுக்குள் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிற மாதிரி, வீட்டுக்குள்ளும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். காது போய்க்கொண்டிருக்கிறது, என்னிடம் சொல்லாமல் மறைக்கிறார். மறைக்கிறவரிடம் தெரியும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பேசும்போது வெளிச்சத்தில் நின்றுகொள்ள மட்டும் பழகிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது ஊருக்கே தெரிகிற மாதிரி நடந்தது. பாட்டு மேலே ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். அன்று கீர்த்தனை முடிந்து எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், ஆர்மோனியமும் நின்றுவிட்டது. இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பல்லவிக்குத் திரும்பிப் பாடிக்கொண்டிருந்தார். முன்பெஞ்சுப் பிள்ளைகள் சிரித்தன. கண்ணைத் திறந்தவர் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நிறுத்தினார். தானும் ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றார். வீட்டிலும் பாட்டு நின்றது. கரண்டியை ஒரு நாள் என் கையில் கொடுத்துவிட்டார். மலையில் மேகம் இறங்கின நாளிலும் சைக்கிள் சும்மாதான் வந்தது. "அண்ணாச்சிக்கு மேலுக்குச் சரியில்லையா மதினி? சுவருக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லாத மாதிரி இருக்கு" என்று சுடலையம்மாள் கேட்டபோது, நான் உள்ளே போய் அழுதேன். காது போனால் போகட்டும், அதற்காக நான் மாய்ந்துபோகவில்லை. அவர் மறுபடி பாட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை வந்தது. அன்றைக்கு எங்கள் சபையில் அசனம் உண்டு. சபையாரும் அக்கம்பக்கத்தாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. சமைப்பது ஆண்கள். அதற்குப் பொறுப்பு வருஷாவருஷம் என் வீட்டுக்காரர்தான். அதோடு எங்கள் சபையில் ஒரு பழக்கம் இருக்கிறது. சோற்று அண்டாவைத் திறக்குமுன் சமையலுக்குப் பொறுப்பானவர் நன்றிக் கீர்த்தனையின் முதல் அடியை எடுக்க வேண்டும். அவர் எடுத்த பிறகுதான் ஆர்மோனியமும் சபையும் சேரும். பாட்டு முடிந்துதான் மூடி திறக்கும்.

பாடகர் குழுவை நடத்துகிற கிறிஸ்துராஜ் வீட்டுக்கு வந்து கேட்டார். நல்ல மனுஷன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்த வருசம் எங்கூடச் சமைக்கிற தவசிமுத்துகிட்டச் சொல்லிருங்க. எனக்குத் தொண்டை கட்டிக்கிடக்கு" என்றார்.

காப்பி கொண்டுவந்த நான் கிறிஸ்துராஜின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இவர் நிமிர்ந்து பார்த்தார். நான் குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். பழைய மில் பாஷை.

"தொண்டை இல்ல, காது. எனக்குத் தெரியும்."

அவர் முகம் வெளிறிவிட்டது. நான் மறுபடியும் அசைத்தேன். "வாரேன்னு சொல்லுங்க. நான் எதுக்க நிக்கேன்."

நடுவில் கிறிஸ்துராஜ், வருஷாவருஷம் செய்கிறவர் விட்டுவிட்டால் எப்படி, சபைக்கு எவ்வளவு ஏமாற்றம் என்று உருக்கமாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வாரேன். ஆனா சமையலுக்கு மட்டும்தான்" என்றார். தன் பேச்சுக்கு மசிந்துவிட்டார் என்று கிறிஸ்துராஜுக்கு ஒரே சந்தோஷம்.

கிறிஸ்துராஜ் போனதும் இவர் கேட்டார், "எப்பத் தெரியும்?"

"கரண்ட் போன அன்னைக்கு. அதுக்கு முந்தியே கடுகு கருகிச்சுல்லா."

காப்பியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். பிறகு, "ரசம் அம்புட்டுக் கசப்பாவா இருந்துச்சு?" என்றார். நான் ஆமாம் என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, எனக்குக் கூடவே கண்ணீரும் வந்தது.

பண்டிகையன்று கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அடுப்பு மூட்டினார்கள். பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. நான் வெங்காயம் உரிக்கிறேன் என்று அவருக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். தாளிக்கும்போது கடுகு ஓய்ந்ததும் கையைக் காட்டுவேன், அவர் கறிவேப்பிலையைப் போடுவார். "அண்ணே, வீட்டு மேஸ்திரியையும் கூட்டிட்டு வந்திட்டியளா?" என்று தவசிமுத்து கேலி செய்தார். கறிக்குழம்பு வாசம் தெருவரைக்கும் போனது.

மேற்கே லேசாகக் கறுத்திருந்தது. மழை வருமா, பக்கத்துக்குத் தார்ப்பாய் கட்டலாமா என்று அவரிடம் கேட்டார்கள். நூலை எடுத்து உருட்டிப் பார்த்தார். "ஒரு பொட்டு விழாது" என்றார். யாரும் தார்ப்பாய் கட்டவில்லை. நான் மட்டும் என் செருப்பை உள்ளே எடுத்து வைத்தேன்.

ஆராதனை முடிந்து சபையார் கொட்டகைக்கு வந்து நின்றார்கள், சுடலையம்மாளும் என் பக்கத்தில் வந்து நின்றாள். சரியாக அந்த நேரத்துக்குக் கொட்டியது மழை. தகரத்தின்மேல் அந்த மழை விழுந்த சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. கிறிஸ்துராஜ் ஆர்மோனியத்தை வாசித்துப் பார்த்தார், சத்தமே எழும்பவில்லை. பாட்டை எடுக்கச் சொல்லித் தவசிமுத்துவிடம் சைகை காட்டினார். தவசிமுத்து காதைக் காட்டிக் கையை விரித்தார். கூட்டம் முழுக்க ஒருவரையொருவர் பார்த்து வாயைத் திறந்து மூடிக்கொண்டு திணறியது.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் மில்தான் அது.

அவரைப் பார்த்தேன். கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அண்டா பக்கத்தில் நின்றார். நான் முஷ்டியைத் தூக்கிக் கீழே இழுத்தேன். மெஷினை ஓட்டு.

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் மறுபடி இழுத்தேன். கூட்டத்தில் பாதிப்பேர் மில்காரர்கள். நான் செய்ததைப் பார்த்துவிட்டு அங்கே இங்கே என்று கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும் முஷ்டி மடக்கிக் கீழே இழுத்தன. அவர் அதைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் அடியை எடுத்தார்.

என் காதுக்கு அது எட்டவில்லை, வாயசைவில் தெரிந்தது. மில்காரர்கள் அவர் வாயைப் பார்த்துச் சேர்ந்துகொண்டார்கள், மற்றவர்கள் மில்காரர்களைப் பார்த்துச் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு மேலே ஏறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மழை நின்றது. இந்த ஊர் மழைக்கு ஒரு முறை உண்டா? சட்டென்று சத்தம் அடங்கியதும், ஆளுக்கொரு சுருதியில் கத்திக்கொண்டிருந்த சபை தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு நிறுத்திவிட்டது. அவர் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். கண் மூடியபடி, முழுக்குரலில், பழைய குரல்தான் அது. முன்னால் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன. நிறுத்து என்று காட்ட இரண்டு கையையும் தூக்கினேன். மூடின கண்ணுக்கு முன்னால் எதைக் காட்டுவது? ஓடிப்போய்த் தொடலாம் என்றால் நடுவில் அடுப்பு.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நான் பாட ஆரம்பித்தேன்.

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. சபை திரும்பிப் பார்த்தது. நான் அவரை மட்டும் பார்த்துக்கொண்டு பாடினேன். அடுத்த வரியில் கிறிஸ்துராஜின் ஆர்மோனியம் வந்து சேர்ந்தது, பிறகு தவசிமுத்து, பிறகு எல்லோரும். சிரித்த பிள்ளைகளும் பாடின. அவர் கண்ணைத் திறந்தபோது கொட்டகை முழுக்க வாய்கள் அசைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் முகத்தில் நின்றுவிட்டார்.

பந்தி முடிந்து பாத்திரம் கழுவும்போது கேட்டேன். "மழை நின்னது தெரிஞ்சுதா?"

"தெரியாமலா? தூணைப் பிடிச்சிட்டுல்லா நின்னேன். கையில அதிர்வு நின்னுபோச்சு."

"பொறவு எதுக்குப் பாடினீய?"

"நிறுத்தணும்னா நீ கையைக் காட்டுவியே."

"காட்டினேனே! நீங்கதான் கண்ணை மூடிட்டிருந்தீய."

"அதுக்குத்தான் மூடினேன்" என்றார்.

நான் கொஞ்ச நேரம் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் தோளைத் தட்டித் திருப்பினார். "நீயும் பாடுன போல. சுருதி சேரலட்டி."

"ஆமா, கேட்டுட்டாரு!"

"கேக்கணுமாக்கும்? பக்கத்துல நின்ன சுடலையம்மா மூஞ்சியைப் பாத்தேன்."

அதன்பிறகு மதுரைக்குப் போய்க் காதுக்கு மெஷின் வாங்கினோம். அதை மாட்டினால் மறுபடி மில்லுக்குள் போன மாதிரி இருக்கிறது என்று கழற்றிவைத்துவிட்டார். அது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கரண்டி திரும்பவும் அவர் கைக்குப் போய்விட்டது. இப்போது தாளிக்கும்போது அவர் பழையபடி ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கிறார். கடுகு வெடித்து ஓய்ந்ததும் நான் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அதுதான் எங்கள் ஏற்பாடு.

ஆனால் பாதி நாள் அவர் மலையைப் பார்ப்பதில்லை. கடுகைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "பாடுட்டி" என்கிறார். இந்தக் குரலைப் பாடச் சொல்லிக் கேட்கிற ஆள் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். நானும் பாடுகிறேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே சேர்ந்துகொள்கிறார். முதுகில் தட்டுவது எனக்கு மறந்துபோகிறது. "மதினி, கடுகு கருகுது!" என்று சுடலையம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துகிறாள். எனக்குக் கேட்கத்தான் செய்கிறது. அவர் பாடுகிற அடி முடிகிறவரைக்கும் நான் நிறுத்துவதில்லை.